காவலர் தேர்வில் ஆளுமைச் சோதனைகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒருவரைப் பணியில் அமர்த்துமுன் அவரது உள்ளத்தை எவ்வாறு அறிவது என்னும் வினா அரசு தோன்றிய காலந்தொட்டே இருந்துவருகிறது. திருக்குறளின் 51ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதல் இவ்வினாவையே பொருளாகக் கொண்டது. அதன் முதற்குறளுக்கு உரைவரைந்த பரிமேலழகர், அறத்தாலும் பொருளாலும் இன்பத்தாலும் உயிர்மேல் வரும் அச்சத்தாலும் ஒருவனது மனநிலையைச் சோதிக்கும் முறைகளை விரித்துரைத்துள்ளார். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் முதல் அதிகரணத்திலும் இந்நான்கு சோதனைகள் கூறப்படுகின்றன. அந்நூல் ஒருபடி மேற்சென்று, எச்சோதனையில் தேறியவரை எப்பணியில் அமர்த்தவேண்டும் என்பதையும் வகுத்துரைக்கிறது. அறச்சோதனையில் தேறியவர்க்கு வழக்காய்வும், குற்றவாளிகளை ஒடுக்கும் 'முட்களைதல்' என்னும் பணியும் உரியவை என்கிறது. இன்றைய காவல்பணிக்கு மிக அணுக்கமானது இப்பணியே. மேலும், மாசற்றவனை மாசுபடுத்தும் வகையில் சோதனை அமைதலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. இவ்வெச்சரிக்கையைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

இருபதாம் நூற்றாண்டில் உருவான ஆளுமைச் சோதனை இதனின்றும் அடிப்படையில் வேறுபட்டது. பழைய சோதனை ஒருவனை ஆசைக்கும் அச்சத்துக்கும் உட்படுத்தி அவன் செய்கையைக் கவனித்தது. புதிய சோதனை அவனிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, தன்னைப்பற்றித் தானே கூறுமாறு கேட்கிறது. இவ்வினாத்தாள் காவலர் தேர்வுக்குள் நுழைந்த வரலாற்றையும், அது எதை அளப்பதாகக் கருதப்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இத்துறையில் ஆவணங்கள் மிகுதியாகக் கிடைப்பது அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆதலின், ஆய்வெல்லை அந்நாட்டளவில் நிற்கிறது. எனினும் பொருள் நமக்கு அயலானதன்று. மலேசியாவில் ஆசிரியர்ப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்களும் இத்தகைய வினாக்களுக்கு விடையளித்தே உள்ளே செல்கின்றனர்.

அறிவுச் சோதனை என்னும் முதற்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களில் காவலர் பதவி பெரும்பாலும் கட்சிக்காரர்களின் பரிந்துரையால் கிடைத்தது. தேர்தலில் ஆட்சி மாறினால் காவல்நிலையத்திலும் ஆட்கள் மாறுவர். இதனை ஒழிக்கவெழுந்த குடிமைப்பணிச் சீர்திருத்தம், பரிந்துரைக்கு மாற்றாக எண்ணால் சுட்டத்தக்க ஓர் அளவையைத் தேடியது. உளவியலார் அப்போதுதான் அத்தகைய அளவை ஒன்றை உருவாக்கியிருந்தனர்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன், 1916இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் காவல், தீயணைப்புப் பணிகளுக்கு விண்ணப்பித்த 30 பேருக்குத் தாம் சீரமைத்த நுண்ணறிவுச் சோதனையைச் சுருக்கி நடத்தினார். அவர்களின் இடைநிலை நுண்ணறிவு ஈவு 84 என அமைந்தது. 80க்குக் கீழ்ப்பெற்றவரை ஏற்கவேண்டாம் என்று அவர் பரிந்துரைத்தார். இவ்வாய்வு மறு ஆண்டில் அச்சேறியது. பெர்க்லி நகரக் காவல்தலைவர் ஆகஸ்ட் வால்மரும் இதே காலத்தில் பல்கலைக்கழக மாணவர்களைக் காவலராகச் சேர்த்து, உளவியல் சோதனைகளையும் தேர்வில் புகுத்தினார். அமெரிக்கக் காவல்துறை வரலாற்றில் அவர்பெயர் நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1922இல் லூயிஸ் தர்ஸ்டன் வெளியிட்ட டெட்ராய்ட் ஆய்வு இவ்வூக்கத்திற்கு ஓர் இடறலாயிற்று. இராணுவ ஆல்ஃபா சோதனையை அந்நகரக் காவலர் 358 பேருக்கு நடத்தியபோது, மேல்நிலை அலுவலரின் மதிப்பெண் கீழ்நிலைக் காவலரினும் குறைவாக இருந்தது. அறிவுமிக்கோர் வேறு தொழில்தேடிச் சென்றுவிட்டனர் என இதனை விளக்கலாம். பதவியுயர்வு அறிவைப் பார்த்து வழங்கப்படவில்லை என்றும் விளக்கலாம். எங்ஙனமாயினும், சோதனை அளந்த ஒன்றும், துறை போற்றிய ஒன்றும் வெவ்வேறு என்பது அப்போதே வெளிப்பட்டது. இதன்பின் எண்பது ஆண்டு ஆய்வுகளும் இவ்விடைவெளியைத்தான் சுற்றிவந்தன என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இங்கு ஒன்றை இடைச்செருகலாகக் குறிப்பிடலாம். டெர்மன் அறிவுக்குக் கீழெல்லை வகுத்தார். 1996இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரம் மேலெல்லை வகுத்தது. வொண்டர்லிக் சோதனையில் 20 முதல் 27 வரை பெற்றவர்களையே அந்நகரம் நேர்காணலுக்கு அழைத்தது. 33 பெற்ற ஒருவர், அறிவு மிகுதியால் விலக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அறிவுமிக்கோர் சலித்து விரைவில் விலகிவிடுவர் என்னும் நகரத்தின் வாதத்தை 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அறிவு, ஆளுமை என்னும் இரண்டும் எங்ஙனம் குழம்புகின்றன என்பதற்குத் தமிழகத்திலும் சான்றுண்டு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்தும் எழுத்துத்தேர்வில் 'உளவியல்' என்று பெயரிடப்பட்ட பகுதியில் தருக்கமும் எண்கணக்கும் தகவல் கையாளலுமே வினாக்களாக வருகின்றன. உளவியலார் அதனை ஆளுமைச் சோதனை என்று கொள்ளார்.

மருத்துவமனையிலிருந்து காவல்நிலையத்திற்கு

ஆளுமை வினாத்தாளின் தோற்றுவாய் போர்க்களமாகும். முதலாம் உலகப்போரில் குண்டதிர்ச்சியால் மனங்குலைந்த வீரர்களைக் கண்ட அமெரிக்க இராணுவம், அத்தகையோரை முன்கூட்டியே விலக்க விரும்பியது. அதன்பொருட்டு ராபர்ட் வுட்வொர்த், ஆம், இல்லை என விடையளிக்கத்தக்க 116 வினாக்கள் கொண்ட தாளொன்றைத் தொகுத்தார். அது முழுமையாகப் பயன்படுமுன் போர் முடிந்துவிட்டது. ஆயினும் அதன் வழித்தோன்றல்கள் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பரவின. 1930களில் வெளிவந்த ஹம்-வாட்ஸ்வொர்த் மனப்பாங்கு அளவுகோலை லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை ஏற்றுப் பயன்படுத்தியது. அதன் பயன்பற்றிய ஆய்வு 1950இல் வெளியாயிற்று.

ஆனால் காவல்துறைகளில் மிகப்பரவலாக வேரூன்றியது மின்னசோட்டா பன்முக ஆளுமை வினாத்தொகுதியே ஆகும். மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் உளவியலார் ஸ்டார்க் ஹாத்தவேயும் நரம்பியல் மருத்துவர் மெக்கின்லியும் இதனை உருவாக்கி 1943இல் வெளியிட்டனர். உண்மை, பொய் எனக் குறிக்கத்தக்க 550 கூற்றுகள் இதில் இருந்தன. இது உருவான முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். கூற்று ஒன்றின் பொருள் என்ன என்று அவர்கள் கவலைப்படவில்லை. மனநோயாளிகள் ஒருவகையாகவும் நலமுடையோர் வேறுவகையாகவும் விடையளித்த கூற்றுகளைப் பொறுக்கியெடுத்து அளவைகளாகக் கட்டினர். அந்நலமுடையோர் எனப்பட்டவருள் பெரும்பாலோர், அம்மருத்துவமனைக்கு நோயாளிகளைக் காணவந்த உறவினரும் நண்பரும் ஆவர். வெள்ளை இனத்தவர், எட்டாண்டுக் கல்வி பெற்றவர், பலர் நாட்டுப்புறத்தார். அரை நூற்றாண்டுக் காலம் நியூயார்க், சிக்காகோ போன்ற பெருநகரங்களில் காவலராக விரும்பிய கறுப்பின இளைஞரும் இசுபானிய மொழியினரும் இவர்களோடு ஒப்பிட்டே அளக்கப்பட்டனர். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான், நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 2600 பேரைக் கொண்டு ஒப்பீட்டு அடிப்படை புதுப்பிக்கப்பட்டது.

நோயாளியைக் கண்டறியச் செய்த கருவியை நலமுடையோருள் நல்லாரைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தியமையே முதற்சிக்கலாகும். இரண்டாவது சிக்கல் விடையளிப்போரின் நோக்கம் பற்றியது. மருத்துவமனைக்கு வருபவர் தம் துன்பத்தைக் கூறவே வருகிறார். வேலைக்கு வருபவரோ தம் குறையை மறைக்கவே வருகிறார். இதனை ஹாத்தவே அறிந்திருந்தார். அதனால்தான் எல்லா மனிதரிடத்தும் காணும் சிறுகுறைகளையும் மறுப்பவரைக் காட்டிக்கொடுக்கும் அளவை ஒன்று தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டது. தற்காப்போடு விடையளிப்பவரைக் கண்டறியும் மற்றோர் அளவை 1946இல் சேர்ந்தது. காவல்பணிக்கு விண்ணப்பிப்போர் இவ்விரு அளவைகளிலும் பொதுமக்களினும் உயர்ந்த மதிப்பெண் பெறுவது பல ஆய்வுகளில் திரும்பத்திரும்பக் காணப்பட்டுள்ளது. வாழ்நாளில் ஒருமுறையும் சினந்ததில்லை என்று எழுதுபவர் பொய்யர் எனக் குறிக்கப்படுவார். அடிக்கடிச் சினப்பேன் என்று எழுதுபவரோ தகுதியற்றவர் எனக் குறிக்கப்படுவார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவான ஒழுங்கின்மையைக் காட்டத் தெரிந்தவரே தேறுவார். அர்த்தசாத்திரம் எச்சரித்த மாசுபடுத்தலின் மென்மையான வடிவம் என்று இதனைக் கூறுவது மிகையாகாது.

கலவரங்களும் நீதிமன்றங்களும்

1960கள்வரை சோதனை என்பது ஊக்கமுள்ள சில காவல்தலைவர்களின் விருப்பமாகவே இருந்தது. அதனைக் கடமையாக்கியது நகர்ப்புறக் கலவரங்களாகும். 1965இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியிலும், 1967இல் நியூவார்க், டெட்ராய்ட் நகரங்களிலும் மூண்ட கலவரங்கள் காவலரின் நடத்தையைப் பொதுவினாவாக்கின. அவ்வாண்டே குடியரசுத்தலைவரின் ஆணைக்குழு, விண்ணப்பதாரரின் உணர்ச்சி நிலைப்பாட்டை உளவியல் சோதனைகளால் ஆராயவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1973இல் மற்றொரு தேசிய ஆணைக்குழுவும் அதனை வலியுறுத்தியது. இவற்றினிடையே 1968இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை, மார்ட்டின் ரெய்சரை முழுநேர உளவியலாராக நியமித்தது. அமெரிக்கக் காவல்துறை ஒன்றில் அத்தகைய பதவி அதுவே முதலாவதாகக் கருதப்படுகிறது.

சோதனை ஒருபுறம் கட்டாயமாகிக்கொண்டிருக்க, மறுபுறம் அதன் அடிப்படையைச் சட்டம் கேள்விக்குட்படுத்தியது. பணிக்குத் தொடர்பு நிறுவப்படாத சோதனை ஓரினத்தவரை மிகுதியாக விலக்குமாயின் அது செல்லாது என 1971இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம், வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகளை மாநில, நகர அரசுகளுக்கும் விரிவாக்கியது. எனவே சோதனை பணித்திறனை உண்மையாகவே முன்னறிவிக்கிறதா என்னும் ஏற்புடைமை ஆய்வுகள் பெருகின. அறிவார்வத்தினும் வழக்கச்சமே இவற்றைப் பெருக்கியது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

அவ்வச்சத்தை மறுபக்கத்திலிருந்து தூண்டிய வழக்கொன்று நியூயார்க்கில் எழுந்தது. 1976இல் அந்நகரக் காவலர் ஒருவர், பணிநேரத்திற்கு வெளியே, தம் துப்பாக்கியால் மனைவியைச் சுட்டுக் கொடுங்காயப்படுத்தித் தாமும் உயிர்விட்டார். ஓய்விலும் துப்பாக்கி ஏந்தவேண்டும் என்பது அந்நாளைய விதி. உளத்தகுதி குன்றிய காவலரைக் கண்டறியும் பயனுள்ள ஏற்பாடு நகரத்திடம் இல்லை என்று நடுவர்குழு முடிவுசெய்தது. 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. இதன்பின் சோதனை நடத்தாத நகரம், நாளை நேரும் இழப்புக்குத் தானே பொறுப்பாகும் நிலை தோன்றியது. நல்ல காவலரைத் தேர்ந்தெடுத்தல் என்னும் குறிக்கோள் பின்தங்கி, வழக்கில் சிக்கவைக்கக்கூடியவரை விலக்குதல் என்பது முன்னுக்கு வந்தது. காவலர் தேர்வுக்கென்றே ராபின் இன்வால்ட் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட 310 கூற்றுகள் கொண்ட வினாத்தொகுதியும், விண்ணப்பதாரரின் முற்கால நடத்தையில் காணும் இடர்க்குறிகளையே பெரிதும் நாடிற்று.

விலக்குதல் என்னும் இந்நோக்கத்தின் கணக்கைச் சற்று எண்ணிப்பார்ப்போம். விண்ணப்பதாரர் 1000 பேர் எனவும், அவருள் 30 பேர் பிற்காலத்தில் பெருந்தவறு இழைப்பவர் எனவும் ஒரு பேச்சுக்குக் கொள்வோம். சோதனை அம்முப்பதின்மருள் 24 பேரைச் சரியாகப் பிடிப்பதாகவும், எஞ்சிய 970 பேருள் ஐந்திலொருவரைத் தவறாகச் சுட்டுவதாகவும் கொள்வோம். அப்போது சுட்டப்படுவோர் 218 பேர். அவருள் 194 பேர் குற்றமற்றவர். அதாவது விலக்கப்படும் பதின்மருள் ஏறத்தாழ ஒன்பதின்மர் வீணே விலக்கப்படுகின்றனர். தவறிழைக்கவுள்ள அறுவர் உள்ளே நுழைந்தும் விடுகின்றனர். அரிதாக நிகழும் ஒன்றை முன்னறிய முயலும் எச்சோதனைக்கும் இவ்விடர் உண்டு. வினாத்தாளைத் திருத்தி இதனை முற்றும் நீக்கவியலாது.

எது நற்பணி?

சோதனையைப் பற்றி எழுதியவர்கள் பலர். சோதனை முன்னறிவிக்கவேண்டிய 'பணித்திறன்' என்பது யாது எனக் கேட்டவர் சிலரே. பெரும்பாலான ஆய்வுகளில் பணித்திறன் என்பது பயிற்சிக்கல்லூரி மதிப்பெண்ணாகவோ, மேலதிகாரியின் மதிப்பீட்டுப் படிவமாகவோ இருந்தது. 1950இல் செயிண்ட் லூயிஸ் நகரக் காவலரை ஆராய்ந்த டூபாயும் வாட்சனும், சோதனைகள் பயிற்சிக்கல்லூரி மதிப்பெண்ணை ஓரளவு முன்னறிவித்ததையும், பணிக்கால மதிப்பீட்டை முன்னறிவிக்கத் தவறியதையும் கண்டனர். பள்ளித்தேர்வு பள்ளித்தேர்வை முன்னறிவிப்பதில் வியப்பில்லை என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

இவ்வகையில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது, கோஹன், சைக்கன் ஆகிய இருவர் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட நியூயார்க் ஆய்வாகும். 1957இல் பணியிற்சேர்ந்த 1915 காவலரின் கோப்புகளை அவர்கள் பதினோராண்டுக் காலத்திற்குத் தொடர்ந்து ஆராய்ந்தனர். பதவியுயர்வு, விடுப்பு, பொதுமக்கள் முறையீடு, ஒழுங்கு நடவடிக்கை எனப் பணித்திறனைப் பலவாகப் பிரித்தனர். அவ்வாறு பிரித்தபோது ஒருவகையில் சிறந்தவர் மற்றொருவகையிலும் சிறந்திருக்கவேண்டும் என்னும் தேவையில்லை என்பது தெளிவாயிற்று. எழுத்துத்தேர்வைவிடப் பயிற்சிக்கால மதிப்பெண்ணும், தகுதிகாண் பருவத்தில் காவலர் உண்மையாகவே நடந்துகொண்ட முறையுமே பிற்காலப் பணியை மிகுதியாக முன்னறிவித்தன. தாளில் எழுதிய சொல்லைவிடத் தெருவில் செய்த செயல் நம்பத்தக்கதாயிற்று. அர்த்தசாத்திரத்தின் அணுகுமுறைக்கு இது நெருக்கமானது என்பது நோக்கத்தக்கது.

அளவுகோலே கோணியிருந்தால் என்னவாகும் என்பதை 1991ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள் ராட்னி கிங் என்பவரை லாஸ் ஏஞ்சலிஸ் காவலர் அடித்த காட்சி ஒளிப்படமாக உலகெங்கும் பரவிற்று. அதனையடுத்து அமைந்த கிறிஸ்டோபர் ஆணைக்குழு துறையின் பதிவேடுகளை ஆராய்ந்தது. 1986 முதல் 1990 வரை, மிகைவலிமை பயன்படுத்தியதாக ஆறோ அதற்கு மேலோ குற்றச்சாட்டுகளுக்கு உள்ளான காவலர் 44 பேரை அது இனங்கண்டது. அந்நாற்பத்து நால்வரின் பணிமதிப்பீட்டுப் படிவங்களோ பெரும்பாலும் பாராட்டுரைகளாக இருந்தன. அமெரிக்காவிலேயே முதன்முதல் முழுநேர உளவியலாரை நியமித்த துறை இதுவே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சேரும்போது ஒருமுறை நடத்தும் சோதனை போதாது, இடையிடையே மறுசோதனை வேண்டும் என ஆணைக்குழு கூறியது. அக்கூற்று சரியே. ஆனால் அதன் அறிக்கை நமக்குக் காட்டும் மற்றொன்று அதனினும் கடுமையானது. இத்தகைய மதிப்பீட்டுப் படிவத்தோடு ஆளுமை மதிப்பெண்ணை ஒப்பிட்டு ஒட்டுறவுக் கெழு கணித்த ஆய்வாளர், அடிப்பவரைப் பாராட்டிய மேலதிகாரியின் மனப்போக்கையும் சேர்த்தே முன்னறிவித்திருக்கிறார். அக்கெழு உயர்ந்திருந்தால் மகிழவேண்டுமா, வருந்தவேண்டுமா?

எண்கள் கூறுவன

1965இல் கியோன், கோட்டியர் ஆகிய இருவரும், பணித்தேர்வுக்கு ஆளுமைச் சோதனைகளைப் பொதுவாகப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என முடிவுகட்டினர். 1968இல் வால்டர் மிஷலின் நூல், ஆளுமை மதிப்பெண்ணுக்கும் நடத்தைக்குமான ஒட்டுறவு 0.30 அளவிலேயே நின்றுவிடுவதைச் சுட்டி அத்துறையையே உலுக்கியது. பின்னர் 1991இல் பாரிக், மவுண்ட் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஐம்பெரும் பண்புகளுள் ஒன்றாகிய கடமையுணர்வு, காவலர் உட்பட எல்லாத் தொழிலினரிடத்தும் பணித்திறனோடு தொடர்புடையது என நிறுவினர். அத்தொடர்பின் அளவு 0.2ஐச் சற்றே கடந்தது. 0.20 என்னும் கெழுவின் வர்க்கம் 0.04 ஆதலின், காவலரிடையே காணும் பணித்திறன் வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கையே அது விளக்கும். வரேலாவும் பிறரும் 2004இல் காவல்துறைச் சோதனைகளை மட்டும் தொகுத்தாராய்ந்தபோதும் தொடர்பு உண்டு, ஆனால் மிதமானதே என்ற முடிவே கிட்டியது. அவ்வாய்வில், நலமுடையோரை நோக்கி ஆக்கப்பட்ட கலிபோர்னியா உளவியல் வினாத்தொகுதி, மருத்துவமனையில் பிறந்த மின்னசோட்டா தொகுதியினும் நன்கு முன்னறிவித்தது. தொகுதி பிறந்த இடம் அதன் பயனை நெடுங்காலம் பின்தொடர்ந்தது எனலாம்.

மிதமான பயனும் பயனே என வாதிடுவோர் உளர். ஆயிரக்கணக்கானோரைத் தேரும் பெருநகரத்திற்கு நூற்றுக்கு நான்கு பங்கும் பொருட்படுத்தத்தக்கதே. விலக்கப்பட்டோரை நீக்கிவிட்டுத் தேறியோரை மட்டும் ஆராய்வதால், கெழு உள்ளதனினும் சிறிதாகத் தோன்றும் என்னும் அவர்களது விளக்கத்திலும் உண்மையுண்டு. ஆனால் அவ்விளக்கமே மற்றொரு குறையை ஒப்புக்கொள்கிறது. விலக்கப்பட்டவர் எவ்வாறு பணியாற்றியிருப்பார் என்பதற்கு எந்த ஆவணக்காப்பகத்திலும் கோப்பு இல்லை.

இக்கட்டுரையாளர் முனைவர்ப் பட்ட ஆய்வின்பொருட்டு வெளிநாட்டில் தங்கியிருந்தபோது, அடுத்த அறையில் குடியிருந்த இளைஞர் ஒருவர் அந்நகரக் காவல்பணிக்கு விண்ணப்பித்திருந்தார். உடற்தகுதியிலும் எழுத்துத்தேர்விலும் தேறிய அவர், ஒருநாள் முழுவதும் வினாத்தாள்களுக்கு விடையளித்துவிட்டுத் திரும்பினார். சில வாரங்களுக்குப்பின் இரண்டே வரியில் மறுப்புக்கடிதம் வந்தது. காரணம் குறிக்கப்படவில்லை, கேட்டபோதும் கூறப்படவில்லை. எவ்வினாவுக்கு என்ன எழுதினேன் என்பதை அவர் அவ்வாண்டு முழுவதும் நினைவுபடுத்திக்கொண்டேயிருந்தார்.

1990ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச்சட்டம், மருத்துவத்தன்மை வாய்ந்த சோதனைகளை நிபந்தனையுடன் பணி வழங்கிய பின்னரே நடத்தவேண்டும் என வரையறுத்து இத்தகையோருக்குச் சிறிது காப்பளித்தது. 2020இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிலாய்ட் காவலர் கையால் உயிரிழந்ததையடுத்து, கலிபோர்னியா மாநிலம் தன் சட்டத்தைத் திருத்திற்று. இனம், பாலினம், சமயம் முதலியவை சார்ந்த காழ்ப்பு விண்ணப்பதாரரிடம் உள்ளதா என்பதையும் உளமதிப்பீடு இனி ஆராயவேண்டும். டெர்மன் அறிவை அளந்தார். மின்னசோட்டாவார் நோயை அளந்தனர். இன்வால்ட் இடர்க்குறிகளை அளந்தார். இப்போது அளக்கவேண்டியது காழ்ப்பு. தன்னிடம் காழ்ப்பு உண்டென்று வேலைக்கு வருபவர் எவரும் எழுதப்போவதில்லை ஆதலின், மதிப்பிடுவோர் மீண்டும் அவரது கடந்தகாலச் செயல்களையும் அண்டை அயலார் கூற்றையும் நாடுகின்றனர்.